எதிரியின் கழுதை: யூதர் தோராவை வாசிக்கும் விதம்

மன்னார்க் கரையில் யூத ஊரும் இல்லை, யூதத் தொழுகைக்கூடமும் இல்லை. ஆனால் அவர்களுடைய வேத நூல் பேசாலையிலிருந்து அரிப்பு வரை கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் இருக்கிறது. திருவிவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான தொடக்கநூல், விடுதலைப் பயணம், லேவியர், எண்ணிக்கை, இணைச்சட்டம் ஆகியவற்றையே யூதர் ‘தோரா’ என்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்களுக்கு இவை ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்தும். எங்கள் முஸ்லிம் அயலவர்கள் மூஸா நபிக்கு அருளப்பட்ட வேதத்தைத் தவ்றாத் என்று அறிவார்கள்.

நூல் வீட்டில் இருந்தும், அதை முதலில் பெற்றுக்கொண்ட மக்கள் இன்றைக்கும் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்று எங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. தவக்காலத்தில் எங்கள் ஊர்களில் மேடையேறும் திருப்பாடுகளின் காட்சியில் யூதர் என்றால் கூக்குரலிடும் கூட்டம். செய்திகளில் யூதர் என்றால் போர். இந்த இரண்டுக்கும் வெளியே, வாரம் தவறாமல் ஒரு நூலை விரித்து உரத்து வாசிக்கும் குடும்பங்களாக அவர்களைப் பார்க்க எங்களுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியிட்ட ஏட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஏடு எங்கள் மேடைகளை இன்னும் முழுமையாக வந்தடையவில்லை என்பது என் எண்ணம். அவர்கள் எதை வாசிக்கிறார்கள், எப்படி வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அதற்கு ஒரு நல்ல தொடக்கம்.

தொழுகைக்கூடத்தில் வாசிக்கப்படும் தோரா அச்சிட்ட புத்தகமாக இருக்க முடியாது. உண்ணத் தகுந்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, தாள் தாளாகத் தைத்து, இரண்டு மரத் தண்டுகளில் சுற்றிய சுருள் அது. பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவர் இறகுப் பேனாவால் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவார். ஒரு சுருளில் 304,805 எழுத்துகள். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் அழிந்தாலும், திருத்தும் வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக் கூடாது. எபிரேயத்தில் உயிரொலிகளைக் காட்டும் குறிகளை எழுத்தின் மேலும் கீழும் இடுவார்கள். சுருளில் அவை கிடையாது. ராகக் குறிகளும் நிறுத்தக் குறிகளும் கிடையாது. ஆகவே வாசிப்பவர் அந்த வாரப் பகுதியின் உச்சரிப்பையும் ராகத்தையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு சொல்லை அவர் தவறாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர்கள் உடனே திருத்துவார்கள். அவர் திரும்பச் சொல்லுவார். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. எழுத்தின் மேல் விரல் படக்கூடாது என்பதற்காக முனையில் சிறிய கை வடிவம் கொண்ட ஒரு வெள்ளிக் கோலால் வரியைத் தொடர்கிறார்கள்.

முழுத் தோராவும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் ‘பராஷா’. வாரத்துக்கு ஒன்றாக, சில வாரங்களில் இரண்டைச் சேர்த்து, ஓராண்டில் முழுவதையும் வாசித்து முடிக்கிறார்கள். சனிக்கிழமைக் காலையில் அந்த வாரப் பகுதி ஏழு கூறுகளாகப் பிரிக்கப்படும். ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்படுவார்கள். முதலாமவர் ஆரோனின் குருகுல வழியில் வந்தவர், இரண்டாமவர் லேவி வழியில் வந்தவர், பிறகு ஏனையோர். அழைக்கப்பட்டவர் வாசிப்புக்கு முன்னும் பின்னும் இறைவனைப் புகழ்ந்து மன்றாடுவார். தோரா முடிந்ததும் இறைவாக்கினர் நூல்களிலிருந்து அதற்குப் பொருத்தமான ஒரு பகுதி வாசிக்கப்படும். லூக்கா நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எழுந்து நிற்கிறார். எசாயாவின் சுருள் அவர் கையில் கொடுக்கப்படுகிறது. வாசித்துவிட்டு உட்கார்ந்து விளக்குகிறார். இன்றைய யூதர் ஒருவர் அந்தக் காட்சியைப் படித்தால் தம் ஊர்ச் சனிக்கிழமையை அதில் அடையாளம் கண்டுகொள்வார்.

திங்களும் வியாழனும் கூட, சிறிய அளவில், மூன்று பேரை அழைத்து வாசிப்பார்கள். தோரா இல்லாமல் மூன்று நாள் கழியக்கூடாது, தண்ணீர் இல்லாமல் இருப்பது போலாகிவிடும் என்பது, பண்டைய யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் தரும் காரணம். அந்த இரண்டும் பண்டைய நாளில் சந்தை நாள்கள். சுற்றுக் கிராமத்தவர் பட்டணத்துக்கு வரும் நாள்கள். மக்கள் கூடும் இடத்துக்கு வாசிப்பைக் கொண்டுபோன அந்த ஏற்பாட்டை எஸ்ரா செய்ததாக மரபு சொல்கிறது. சந்தைக்கு வந்த மீனவனும் உழவனும் கேட்கட்டும் என்று வகுத்த இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் ஓராண்டு வட்டம்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் துதேலாவிலிருந்து புறப்பட்ட பெஞ்சமின் என்ற யூதப் பயணி எகிப்தில் இரண்டு தொழுகைக்கூடங்களைக் கண்டார். ஒன்றில் பாபிலோனிய வழக்கப்படி ஓராண்டில் முடித்தார்கள். மற்றதில் பலஸ்தீன வழக்கப்படி மூன்றாண்டில் முடித்தார்கள். பின்னாளில் ஓராண்டு வழக்கமே பெரும்பாலும் நிலைத்தது. எங்கள் ஞாயிறுத் திருப்பலி வாசகங்களும் மூன்றாண்டு வட்டத்தில் வருகின்றன. ஆனால் நாங்கள் தெரிந்தெடுத்த துண்டுகளைக் கேட்கிறோம். அவர்கள் வம்சாவளிப் பட்டியல், தோல்நோய்ச் சட்டம், கூடார அளவுகள் உட்பட ஒரு வசனமும் விடாமல் கேட்கிறார்கள்.

அதே பெஞ்சமினின் பயணநூலில் கேரளத்தின் கொல்லத்தைப் பற்றிய குறிப்பும் உண்டு. அங்குள்ள யூதர் கறுத்த நிறத்தவர், நல்லவர், கட்டளைகளைக் கடைப்பிடிப்பவர், மோசேயின் தோராவும் இறைவாக்கினர் நூல்களும் வைத்திருப்பவர் என்று அது சொல்கிறது. அவர் நேரில் வந்தாரோ கேட்டு எழுதினாரோ, செய்தி எங்கள் கடலைச் சேர்ந்தது. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகளாக ஒப்பமிட்டவர்களில் சிலர் எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். 1154இல் தன் உலக நூலை முடித்த அரபுப் புவியியலாளர் இத்ரீசி, இலங்கை அரசனின் பதினாறு அமைச்சர்களில் நால்வர் யூதர் என்று எழுதினார். மாதோட்டத்தில் பாரசீக வளைகுடாக் கப்பல்கள் நங்கூரமிட்ட நூற்றாண்டுகளில், இந்தக் கடல்வழியில் யூத வணிகரும் இருந்தார்கள்.

எங்களுக்கு அருகில், பார்த்து அறியக்கூடியது கொச்சி. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினான். பகல் விளக்கு, பல்லக்கு, குடை, மேளம் எல்லாம் அதில் அடங்கும். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசித் தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. அதன் வரலாறும் மன்னாரின் வரலாறும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். அதே ஆண்டில்தான் கோவாவில் அவர்களுடைய மத விசாரணை மன்றம் தொடங்கியது. 1658இல் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1662இல் போர்த்துக்கேயர் கொச்சித் தொழுகைக்கூடத்தைச் சேதப்படுத்தினார்கள். மறு ஆண்டு ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்ததும் அது திருத்திக் கட்டப்பட்டது. எங்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய ஒல்லாந்தர் ஆட்சி, அங்கே யூதருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

கொச்சியிலும் கேரளத்தின் மற்றத் தொழுகைக்கூடங்களிலும் வேறெங்கும் அரிதான ஓர் அமைப்பு உண்டு. வாசிப்பு மேடை இரண்டு. ஒன்று வழக்கம்போல் கூடத்தின் நடுவில். இன்னொன்று மேல்மாடியில், பெண்கள் அமரும் பகுதியை ஒட்டி. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் சுருளை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசித்தார்கள். ஆணும் பெண்ணும் தனித்தனியே அமரும் மரபில், வாசிப்பு பெண்களுக்கு எட்டும் தூரத்தில் நடந்தது. 1948க்குப் பிறகு பெரும்பாலானோர் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். சபையில் தோரா வாசிக்க வளர்ந்த ஆண்கள் பத்துப்பேர் வேண்டும் என்பது பழைய விதி. கொச்சியில் இன்று வெளியூர் யூதர் வந்து எண்ணிக்கையை நிரப்பினால்தான் அது முடியும். மேற்கு நாடுகளின் சீர்திருத்தச் சபைகளில் பெண்களும் அந்தப் பத்தில் சேர்கிறார்கள், அவர்களும் வாசிக்கிறார்கள்.

இனி, வாசித்தது வீட்டுக்கும் தெருவுக்கும் எப்படி வருகிறது என்று ஒரே ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம். விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரத்திலிருந்து 24 வரை உள்ள பகுதிக்குப் பெயர் ‘மிஷ்பாத்திம்’. ஜனவரி, பெப்ரவரிக் காலத்தில் வரும். அதற்கு முந்திய வாரம் சீனாய் மலையில் இடியும் மின்னலுமாகப் பத்துக் கட்டளை. இந்த வாரம் வாயிற்படிக்கு வெளியே உள்ள பிணக்குகள்: முட்டித்தள்ளும் மாடு, மூடாமல் விட்ட குழி, திருட்டு, கடன், அடகு. மரபுக் கணக்கில் தோராவின் 613 கட்டளைகளில் 53 இந்த ஒரு பகுதிக்குள் இருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு யூத உரையாசிரியர் ராஷி முதல் வசனத்திலேயே நின்று, முன்னவை சீனாயிலிருந்து வந்தது போல இவையும் சீனாயிலிருந்தே வந்தன என்கிறார். அதாவது மாட்டு வழக்கும் கடன் கணக்கும் இறைவழிபாட்டின் பகுதி. யூத நம்பிக்கையை விளங்கிக்கொள்ள எனக்கு இதைவிட நல்ல வாசல் தெரியாது.

கண்ணுக்குக் கண் என்ற சட்டம் இங்கேதான் வருகிறது. பழிவாங்கும் மதம் என்று யூதரைக் குறைசொல்பவர்கள் முதலில் காட்டுவதும் இதைத்தான். ஆனால் யூதர் இதை எழுத்தோடு எழுத்தாக நடைமுறைப்படுத்தும் சட்டமாக வாசிப்பதில்லை. ஒருவன் கண் சிறிது, மற்றவன் கண் பெரிது என்றால் என்ன செய்வது, பார்வையில்லாதவன் இன்னொருவன் கண்ணைக் கெடுத்தால் என்ன செய்வது என்றெல்லாம் தல்மூத் அறிஞர்கள் கேட்டு வாதித்து, இது இழப்பீட்டைக் குறிக்கிறது என்று முடிவு செய்தார்கள். காயப்படுத்தியவன் ஐந்து வகையில் பணம் கொடுக்க வேண்டும்: உறுப்பின் இழப்புக்கு, வலிக்கு, மருத்துவத்துக்கு, வேலையில்லாத நாள்களுக்கு, அடைந்த அவமானத்துக்கு. இன்றைய நீதிமன்றங்கள் விபத்து வழக்குகளில் பார்க்கும் கணக்கும் ஏறக்குறைய இதுவே.

அடுத்து கழுதை. மன்னாரில் கழுதையைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருகாலம் சுமை சுமந்த அவை இப்போது உரிமையாளர் இல்லாமல் நகர வீதிகளில் அலைகின்றன. வாகனத்தில் அடிபட்டவற்றுக்கு வைத்தியம் பார்க்க இங்கே ஒரு நிலையமே இருக்கிறது. 23ஆம் அதிகாரம் ஐந்தாம் வசனம் சொல்வதைச் சுருக்கினால், உன்னை வெறுப்பவனுடைய கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடந்தால், விட்டுவிட்டுப் போகாதே, அவனோடு சேர்ந்து உதவு.

யூத மத ஆசிரியர்களான ரபிகள் இந்த ஒரு வசனத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள் என்று பாருங்கள். ‘அவனோடு சேர்ந்து’ என்றிருப்பதால், கழுதைக்காரன் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, கட்டளை உனக்குத்தானே, நீயே இறக்கு என்று சொன்னால், உதவ வந்தவனுக்குக் கடமை இல்லை. கழுதைக்காரன் முதியவன், நோயாளி என்றால் அப்படி விலக முடியாது. சுமையை இறக்குவதற்குக் கூலி கேட்கக் கூடாது, விலங்கு வேதனைப்படுகிறது. மறுபடி ஏற்றிக் கொடுப்பதற்குக் கூலி கேட்கலாம். வாயில்லாச் சீவனின் வேதனையைப் போக்குவது கடமை என்ற யூதச் சட்டக் கோட்பாடு இந்த வசனத்தின் மேல்தான் எழுந்தது.

பிறகு தல்மூத் ஒரு கடினமான கேள்வி கேட்கிறது. வழியில் இரண்டு கழுதைகள். நண்பனின் கழுதையிலிருந்து சுமையை இறக்க வேண்டும். எதிரியின் கழுதைமேல் சுமையை ஏற்ற வேண்டும். முதலில் யாரிடம் போவாய்? விலங்கின் வேதனையைப் பார்த்தால் நண்பனிடம்தான் போகவேண்டும். ஆனால் விடை, எதிரியிடம் போ என்பது. காரணம், உன் மனத்தின் தீய உந்துதலை அடக்குவதற்காக. எதிரியை நேசி என்று பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு மூட்டையின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்கிறது. இரண்டு பேரும் ஒரே மூட்டையைத் தூக்கும்போது, தூக்கு, கொஞ்சம் இந்தப் பக்கம் என்று இரண்டு வார்த்தையாவது பேசித்தானே ஆகவேண்டும். வேலிச் சண்டையில் பத்து வருடம் முகம் பார்க்காத உறவுகள் உள்ள எங்கள் ஊர்களுக்கு இதை நான் உண்மையாகவே சிபாரிசு செய்கிறேன்.

அதே பகுதியில் கடன் சட்டம் இருக்கிறது. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே. அவனுடைய மேலாடையை அடகாகப் பெற்றால் பொழுது படுமுன் திருப்பிக் கொடு, இரவில் போர்த்த அவனுக்கு வேறெதுவும் இல்லை. நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்பதைப் பார்த்த பெண்கள் இதை ஒரு தடவை படிக்க வேண்டும். அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்ற கட்டளையும் இங்கே இரண்டு இடத்தில் வருகிறது. தோரா முழுவதிலும் இந்த எச்சரிக்கை 36 தடவை வருவதாகத் தல்மூத்தில் ஒரு ரபி எண்ணிச் சொல்கிறார். ஊரைவிட்டு விரட்டப்பட்டும் இடம்பெயர்ந்தும் திரும்பிவந்த எல்லாச் சமூகங்களும் வாழும் கரை இது. இந்தக் கட்டளைக்கு உரை தேவையில்லை.

குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்பதும் இதே வாரப் பகுதியில்தான். தோராவில் மூன்று இடங்களில் வரும் இந்த வரியிலிருந்து, இறைச்சியையும் பாலுணவையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது, உண்ணக் கூடாது, அதனால் வேறு பயனும் பெறக் கூடாது என்று மூன்று தடைகளை எடுத்தார்கள். அதனால் கட்டளை காக்கும் யூத வீட்டில் பானை, தட்டு, கரண்டி எல்லாம் இரண்டு தொகுதியாக இருக்கும்.

மீனுக்கு விதி சுருக்கம். லேவியர் 11ஆம் அதிகாரம்: செட்டையும் செதிலும் இருந்தால் உண்ணலாம். கட்டளை காக்கும் யூதர் ஒருவர் மன்னார் மீன் சந்தைக்கு வந்தால் பாரை, விளைமீன், அறக்குளா, சூரை எல்லாம் வாங்கலாம். இறால், நண்டு, கணவாய் வேண்டாம். சுறாவும் திருக்கையும் வேண்டாம். செதில் உரித்தெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும், சுறாவின் சொரசொரப்பு அந்தக் கணக்கில் வராது. கெளிறுக்குச் செதிலே இல்லை. விற்பவர் மீனை வெட்டித் தோலை நீக்கிவிட்டால் வாங்கத் தயங்குவார், ஏனென்றால் செதிலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஆட்டையும் கோழியையும் போல் மீனை முறைப்படி அறுக்கத் தேவையில்லை.

எங்கள் கடலின் இன்னொரு உயிரும் தோராவின் உரைகளில் எட்டிப் பார்க்கிறது. பாலைநிலத்தில் எழுப்பிய திருக்கூடாரத்தின் மேல்விரிப்பு எந்த விலங்கின் தோல் என்று விடுதலைப் பயணம் 26ஆம் அதிகாரம் குறிப்பிடும் பெயர் இன்றுவரை சர்ச்சைக்குரியது. அது மோசேயின் காலத்தில் மட்டும் தோன்றி மறைந்த பல்வண்ண விலங்கு என்கிறது தல்மூத். செங்கடலை ஆராய்ந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ருப்பெல், 19ஆம் நூற்றாண்டில், அது கடற்பன்றியாக இருக்கலாம் என்று எண்ணி, அங்குள்ள கடற்பன்றிக்குத் திருக்கூடாரத்தின் பெயரையே அறிவியற்பெயரில் சேர்த்தார். மன்னார் வளைகுடாவின் கடற்புல் வெளிகளில் மேயும் அதே இனம்தான்.

ஓய்வுநாளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெள்ளி சூரியன் மறையுமுன் வீட்டுப் பெண் விளக்கேற்றுவதில் தொடங்கி, சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை. நெருப்பு மூட்டுதல், விதைத்தல், எழுதுதல், சுமத்தல் என 39 வகை வேலைகள் விலக்கு. மேசையில் இரண்டு அப்பங்கள். பாலைநிலத்தில் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மடங்கு மன்னா உணவு கிடைத்ததன் நினைவு. கொச்சியில் திராட்சை இரசத்துக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சினார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதிகள் எல்லாம் விலகிக்கொள்ள வேண்டும். அப்போது வண்டி ஓட்டுவதும் மருந்து தேடி ஓடுவதுமே கடமை.

ஆண்டின் வாசிப்பு செப்டெம்பர், ஒக்டோபரில் சிம்ஹாத் தோரா என்ற நாளில் முடிகிறது. இணைச்சட்டத்தில் மோசே இறக்கும் கடைசி அதிகாரத்தை வாசித்த அதே கூட்டத்தில் தொடக்கநூலின் முதல் அதிகாரத்தையும் வாசிப்பார்கள். எல்லாச் சுருள்களையும் கையில் ஏந்தி வலம் வருவார்கள். கொச்சியில் தொழுகைக்கூடத்துக்கு வெளியேயும் சுற்றி வந்தார்கள்.

இந்த முறையில் வாசித்துப் பார்க்க எங்களிடமுள்ள விவிலியமே போதும். முதல் வாரம் தொடக்கநூல் 1ஆம் அதிகாரத்திலிருந்து 6ஆம் அதிகாரம் எட்டாம் வசனம் வரை. இரண்டாம் வாரம் நோவாவின் கதை, 11ஆம் அதிகாரத்தின் முடிவு வரை. மூன்றாம் வாரம் ஆபிரகாம், 17ஆம் அதிகாரத்தின் முடிவு வரை. யூதர் ஒவ்வொருவரும் அந்த வாரப் பகுதியை மூலத்தில் இரண்டு தடவையும் மொழிபெயர்ப்பில் ஒரு தடவையும் தனியாகப் படித்துவிட்டே சபைக்கு வரவேண்டும் என்பது தல்மூத் காலத்து ஒழுங்கு. பகுதி ஏழு கூறாக இருப்பதால், பலர் நாளுக்கு ஒரு கூறாக ஞாயிறில் தொடங்குகிறார்கள்.